குடியுரிமைக் கல்வி படிப்பிக்கிற ரீச்சர்மாருக்கும் சேர்மாருக்கும்

வணக்கம்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆறாம் ஆண்டு தொடக்கம் ஒன்பதாம் ஆண்டு வரைக்கும் குடியுரிமைக் கல்வி எடுக்கிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரையும் சொல்லமாட்டேன், ஒருவரையும் மாட்டிவிடுகிற எண்ணமும் இல்லை. நான் ஆசிரியை இல்லை. எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் கிழமைக்கு மூன்று பின்னேரம் பிள்ளைகளின் வீட்டுவேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்துக் கொடுக்கிறவள், அவ்வளவுதான். காசு வாங்குவதில்லை, பிரம்பும் இல்லை, அதனாலோ என்னவோ பிள்ளைகள் என்னோடு கொஞ்சம் கூடுதலாகவே கதைப்பார்கள்.

போன தவணை ஏழாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். 'சமூகப் பன்மைத்துவம்' என்று சிவப்புப் பேனையால் தலைப்பு, கீழே அடிமட்டம் வைத்து இரண்டு கோடு. புத்தகக் கடையில் விற்கிற படத்தாளிலிருந்து வெட்டி ஒட்டிய விகாரை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம், நான்கும் ஒரே அளவில் நான்கு மூலையிலும். நடுவில் கைகோத்து நிற்கிற பிள்ளைகள். 'நாம் அனைவரும் வேறுபாடுகளை மதித்து ஒற்றுமையாக வாழ வேண்டும்.' பக்கத்தில் ரீச்சருடைய சரி, 'மிக நன்று', திகதி. வடிவான கொப்பி, நானும் வடிவாய் இருக்கு என்றுதான் சொன்னேன். கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டே அவள் கேட்டாள்: "அன்ரி, என்ர பிரெண்ட் வீட்டை போனால் தண்ணி வென்னி குடியாமல் வா எண்டு அம்மம்மா சொல்லுறா. ஏன் குடிக்கக் கூடாது?"

அந்தப் பிரெண்டும் இவளும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறவர்கள். இடைவேளைக்கு ஒரே போத்தலில்தான் தண்ணி குடிப்பார்களாம், அது அம்மம்மாவுக்குத் தெரியாது.

என்னிடம் பதில் இருந்தது: சாதி. ஆனால் மேசையைச் சுற்றி இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒரு பெடியன், கேள்வி காதில் விழுந்த உடனேயே குனிந்து, ஏற்கெனவே கூராய் இருந்த பென்சிலை எடுத்துத் திரும்பவும் சீவத் தொடங்கினான். தூள் கொப்பிக்கு மேல் விழுகிறது, அவன் நிமிரவில்லை. அவளுக்குக் கேள்விதான் தெரியும். அவனுக்குப் பதில் தெரியும். பன்னிரண்டு வயது.

உங்களைக் குறை சொல்வது சுகம் என்று எனக்குத் தெரியும். பாடத்திட்டம் மகரகமையில் எழுதப்படுகிறது, முழு நாட்டுக்கும் பொதுவாய், ஒருவருக்கும் நோகாமல். முடிக்கவேண்டிய அலகுகள் இருக்கின்றன, தவணைப் பரீட்சை இருக்கிறது, இந்தப் பாடத்துக்குக் கிடைக்கிற பாடவேளையைக் கணிதத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். எல்லாம் சரி. ஆனாலும் அந்தக் கொப்பியில் இருந்த பன்மைத்துவம் முழுக்கத் தூரத்து விஷயம். சிங்களவர், தமிழர், முஸ்லிம், பறங்கியர் என்று படத்தில் நிற்கிறவர்கள். வகுப்புக்குள் இருக்கிற முப்பத்தைந்து பேருக்குள்ளும் என்ன இருக்கிறது என்று அந்தப் பாடம் கேட்கவேயில்லை. ஏற்றத்தாழ்வு என்று வந்தால் அது எங்களுக்கு மற்றவர்கள் செய்தது, அதோடு பாடம் முடிந்தது. எங்களுக்குச் செய்தது உண்மைதான், 1956 தனிச்சிங்களச் சட்டத்தையும் 1983 கலவரத்தையும் நான் மறக்கச் சொல்லவில்லை. நாங்கள் செய்தது எங்கே?

இன்னொன்று, பிள்ளைகள் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள், நாங்களும்தான். வித்தியாசம் வேறு, ஏற்றத்தாழ்வு வேறு. கறுத்தக்கொழும்பான், அம்பலவி, விளாட்டு என்று மூன்று வகை மாமரமும் ஒரே வளவில் நிற்கலாம், ஒன்றைப் போல ஒன்று இல்லை என்பதில் ஒரு கரைச்சலும் இல்லை, சொல்லப்போனால் அதுதான் வளவுக்கு அழகு. ஆனால் ஒரு மரத்துக்கு மட்டும் தண்ணி ஊற்றிவிட்டு மற்றது காய்க்கவில்லை, அது சாதியே அப்படித்தான் என்று சொன்னால்?

இதை வெங்காயத் தறையை வைத்துத்தான் நான் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தினேன். வலிகாமத்துப் பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் இறைப்பு நடப்பதைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மோட்டரைப் போட்டால் தண்ணி பெரிய வாய்க்காலால் ஓடிவரும், ஒருவர் மண்வெட்டியோடு நின்று பாத்திக்குப் பாத்தி வாயை வெட்டிவிடுவார், நிறைந்ததும் மண்ணைப் போட்டு மறித்து அடுத்ததுக்கு விடுவார். முதல் பாத்தி முட்ட முட்டக் குடிக்கும். இடையில் மண்ணெண்ணெய் முடிந்தால் காய்வது கடைசிப் பாத்தி. "கடைசிப் பாத்தி வெங்காயம் சின்னனாய் இருந்தால் அது வெங்காயத்தின்ர பிழையோ?" என்று கேட்டேன். இல்லையாம். "அப்ப முதல் பாத்தி வெங்காயம் பெருத்தது அதின்ர கெட்டித்தனமோ?" கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு தோட்டக்காரரின் மகன் ஒருவன் சொன்னான், அப்பா ஒரு நாள் முன்னுக்கிருந்து தொடங்கினால் அடுத்த முறை கடைசியிலிருந்து தொடங்குவாராம். அதை நான் கேட்காமலே சொன்னான். எட்டாம் ஆண்டுப் புத்தகத்தில் 'சமத்துவம்' என்ற சொல்லுக்கு எத்தனை வரியில் வரைவிலக்கணம் எழுதினாலும் இதைவிட நன்றாய் எழுத ஏலாது.

சரி, என் கதையைச் சொல்லாமல் உங்களுக்கு உபதேசம் செய்வது நியாயமில்லை. நான் பிறந்த வீட்டின் கிணற்றடிப் பக்கம் ஒரு வேம்பு நின்றது. அதில் அடித்திருந்த ஆணியில் ஒரு பேணி கொழுவியிருக்கும், விளிம்பு நெளிந்த பழைய பால்மாப் பேணி. வேலி அடைக்க வருகிறவர்களுக்கும் ஓலை வெட்ட வருகிறவர்களுக்கும் அதில்தான் தேத்தண்ணி. உள்ளே இருந்து அம்மம்மா கேத்தலோடு வருவா, வேலி அடைக்க வருகிறவர் பேணியை எடுத்துக் குந்தியிருப்பார், அம்மம்மா தொடாமல் உயரத்தில் பிடித்து ஊற்றுவா. குடித்துமுடித்து அவரே கழுவி அவரே கொழுவிவிட்டுப் போவார். அவருக்கு எங்கள் அப்பாவைவிட வயது கூட. எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகளும் அவரைப் பெயர் சொல்லி, 'நீ' போட்டுத்தான் கூப்பிடுவோம். ஏழு வயதில் ஒரு நாள் நான் அவருக்கு என் எவர்சில்வர் கப்பில் தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒருவரும் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. அவர் வாங்கவில்லை. "வேண்டாம் பிள்ளை, அங்கை வையுங்கோ" என்றார். எனக்கு 'ங்கோ' போட்டார். அந்த ஒரு சொல்லை நான் விளங்கிக்கொள்ளப் பிறகு எத்தனையோ வருடம் பிடித்தது. கப்பை அம்மம்மா சாம்பல் போட்டு இரண்டு தரம் தேய்த்தா.

இப்போது அந்தப் பேணி இல்லை. பிளாஸ்ரிக் கப் வந்துவிட்டது, குடித்துவிட்டு எறியலாம், ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது.

"இப்ப ஆர் சாதி பாக்கினம்?" என்று உங்களில் ஒருவர் என்னிடமே கேட்டார், நேரில். "பிள்ளையளுக்கு இதொண்டும் தெரியாது, நாங்கள் சொல்லிக் கெடுக்கக் கூடாது." நல்ல மனசோடுதான் சொன்னார், எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் மணமகன் தேவை, மணமகள் தேவை பக்கத்தைப் பார்க்கிறார்கள், அதில் முதல் சொல்லே என்னவென்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். புதிதாய் ஒருவர் வீட்டுக்கு வந்துபோனால் "எவடம்? ஊரிலை எந்தப் பக்கம்?" என்று பெரியவர்கள் கேட்கிறது இடத்தை அறிய அல்ல என்பதும் அவர்களுக்குத் தெரியும். 2018 இல் தென்மராட்சிப் பக்கம் ஒரு கோயிலில் எல்லாரும் வடம் பிடிக்கக் கூடாது என்பதற்காகப் மண் அள்ளுகிற பெக்கோ இயந்திரத்தைப் பூட்டித் தேர் இழுத்த வீடியோ ஊரெல்லாம் ஓடியது. அம்பாள் மேலே, பெக்கோ முன்னே. அதைப் பார்த்த பிள்ளைக்கு நீங்கள் ஒன்றும் புதிதாய்ச் சொல்லிக் கெடுக்கப் போவதில்லை. வீட்டில் ஒரு மாதிரித் தெரிந்துவைத்திருப்பதைப் பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரிக் கேட்கிற வாய்ப்புத்தான் அவர்களுக்கு இல்லை.

வரலாற்றையாவது சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் இருக்கிற வாங்குக்கே ஒரு வரலாறு இருக்கிறது. நூறு வருடத்துக்கு முந்தி யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் இருக்கமுடியாது, நிலத்திலோ வெளி விறாந்தையிலோதான் இருக்கவேண்டும், அதுவும் சேர்த்துக்கொண்டால். 1924 இல் ஹன்டி பேரின்பநாயகம் போன்ற இளம் ஆட்கள் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பிறகு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆனது, காந்தியை 1927 இல் யாழ்ப்பாணத்துக்குக் கூப்பிட்டவர்கள் இவர்கள்தான். தீண்டாமைக்கு எதிராகத் தீர்மானம் போட்டார்கள், சம ஆசனம் வேண்டும் என்று கேட்டார்கள், எல்லாரும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டுக் காட்டினார்கள். சம ஆசனம் கொடுக்கச் சொல்லி அரசாங்கம் கட்டளை போட்டபோது அதைப் பொறுக்காதவர்கள் பள்ளிக்கூடங்களைக் கொளுத்தினார்கள். 1981 இல் யாழ்ப்பாணப் பொது வாசிகசாலை எரிந்ததை நாங்கள் ஒவ்வொரு வருடமும் நினைக்கிறோம், நினைக்கத்தான் வேண்டும். ஒரு பிள்ளை வாங்கில் இருந்ததற்காக ஓலைக் கொட்டில் பள்ளிக்கூடங்களை நாங்களே கொளுத்தியது எந்தக் காலைப் பிரார்த்தனையில் வருகிறது?

1957 இல் 21 ஆம் இலக்கச் சட்டம் வந்தது, சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம். சாதியைக் காட்டி ஒருவரைப் பள்ளிக்கூடத்திலோ சந்தையிலோ சாப்பாட்டுக் கடையிலோ பஸ்ஸிலோ பொதுக் கிணற்றிலோ கோயிலிலோ தடுத்தால் குற்றம். சட்டம் புத்தகத்தில் இருந்தது, சங்கானையிலும் சாவகச்சேரியிலும் தேநீர்க்கடைகளுக்குள் போய்க் கதிரையில் இருப்பதற்கு அதற்குப் பிறகும் பத்து வருடம் அடி வாங்கவேண்டியிருந்தது. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் வந்தவர்களைப் பொலிஸ் அடித்தது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடச் சொல்லிச் சனம் சத்தியாக்கிரகம் இருந்தது, வாசலை மறித்து நின்றவர்களுக்கு முன்னணியில் நின்றது சி. சுந்தரலிங்கம், பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராய் இருந்தவர், மந்திரியாகவும் இருந்தவர். படித்தால் எல்லாம் மாறிவிடும் என்று சொல்கிற ஆட்களுக்கு நான் இந்த உதாரணத்தைத்தான் சொல்வது. உதுகள் எல்லாம் நடந்த இடங்களால்தான் எங்கள் பிள்ளைகள் தினமும் பஸ்ஸில் போய்வருகிறார்கள். சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிற 1978 அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரையைப் பாடமாக்குகிற பிள்ளைக்கு, அதில் இனம், மதம், மொழியோடு சாதி என்ற சொல்லும் பால் என்ற சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் ஏன் நிற்கின்றன என்று சொன்னால் போதும், மிச்சத்தை அவர்களே கேட்பார்கள்.

அப்புறம் ஒக்டோபர் 30.

1995 ஒக்டோபர் 30 என்றால் என் வயதுக்காரருக்கு விளக்கம் வேண்டாம். மழை, இருட்டு, நாவற்குழிப் பாலம், ஒரு அடி வைக்கப் பத்து நிமிடம். எனக்குப் பதினைந்து வயது. ஆமி முன்னேறி வர, வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தது. அந்த இரவைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்கிறோம், வீட்டிலும் சொல்கிறோம், பேச்சுப் போட்டியிலும் சொல்கிறோம். அதே திகதி, சரியாய் ஐந்து வருடத்துக்கு முந்தி, 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலும் சுற்றுவட்டத்திலும் இருந்த முஸ்லிம் சனத்தை ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். சொன்னது விடுதலைப் புலிகள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள், பெரும்பாலானவர்கள் புத்தளத்தில் போய் ஓலைக் குடிசையில் இருந்தார்கள். என்னுடைய பள்ளிக்கூடச் சட்டை ஐந்துசந்திப் பக்கம் ஒரு தையற்கடையில் தைக்கக் கொடுத்திருந்தது. அளவு எடுத்தவர் அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு "அடுத்த கிழமை வாங்கோ மகள்" என்றது எனக்கு இன்றைக்கும் ஞாபகம். அடுத்த கிழமை கடை பூட்டிக்கிடந்தது. வீட்டில் சட்டை போனதைப் பற்றித்தான் கதைத்தார்கள். நானும் சட்டைக்குத்தான் அழுதேன், பத்து வயதுதானே என்று இப்போது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், மற்றவர்களுக்குப் பத்து வயது இல்லை.

உங்களுக்கு இது கஷ்டமான இடம் என்பது விளங்குகிறது. வகுப்பில் மாவீரர் வீட்டுப் பிள்ளையும் இருக்கும், திரும்பி வந்து குடியேறிய முஸ்லிம் பிள்ளையும் இருக்கலாம், அதனால் ஒரு தீர்ப்பும் சொல்லாதீர்கள், இரண்டு ஒக்டோபர் 30 ஐயும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, 'இரண்டு நாளிலும் ஒரு பிள்ளை எதை எடுத்துக்கொண்டு போயிருக்கும்?' என்று மட்டும் கேளுங்கள். நான் கேட்டேன். கொப்பி, சாமிப் படம், ஆட்டுக்குட்டி என்று எழுதினார்கள். ஒருத்தி 'திறப்பு' என்று எழுதினாள், வீட்டைப் பூட்டிய திறப்பு. அது எந்த ஒக்டோபருக்கு என்று நான் கேட்கவில்லை.

மலையகப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். 1948 இல் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர் நாடற்றவர்கள் ஆனதும், அந்த விஷயத்தில் எங்கள் தலைவர்கள் பிளவுபட்டு 1949 இல் செல்வநாயகம் தமிழரசுக் கட்சி தொடங்கியதும் புத்தகத்தில் இருக்கலாம். 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள் என்பது புத்தகத்தில் இல்லை. 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை நான் ஒரு எட்டாம் ஆண்டுப் பெடியன் வாயில் கேட்டேன், விளையாட்டில் தோற்ற கோபத்தில் மற்றவனைப் பார்த்துச் சொன்னது. எங்கே கற்றான்? தேயிலைத் தோட்டத்தை அவன் படத்திலும் பார்த்திருக்க மாட்டான்.

பல்கலைக்கழக அனுமதியையும் இதே பாடத்தில் சொல்லலாம், பெரிய வகுப்புக்கு விடவேண்டியதில்லை. 1970களின் தரப்படுத்தலைப் பற்றி யாழ்ப்பாணத்தில் கதைக்காத வீடு இல்லை. தமிழ்மொழி மூலப் பிள்ளைக்குக் கூடின வெட்டுப்புள்ளி, சிங்கள மொழி மூலப் பிள்ளைக்குக் குறைந்த வெட்டுப்புள்ளி என்று வைத்தது அநியாயம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கதையோடு ஒட்டிக்கொண்டு வருகிற மாவட்டக் கோட்டா இன்னொரு கதை. இப்போது 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவிலும் மன்னாரிலும் கிளிநொச்சியிலும் இருந்து மருத்துவபீடம் போகிற தமிழ்ப் பிள்ளை இந்தக் கோட்டாவால்தான் போகிறது. நல்லூரில் ரியூட்டரிக்கு நடந்துபோகிற பிள்ளையும் விசுவமடுவில் இரசாயனவியல் ஆசிரியரைக் காணாத பிள்ளையும் ஒரே வினாத்தாள்தானே எழுதுகிறார்கள் என்று யாரும் கேட்டால், கடைசிப் பாத்தியைக் காட்டுங்கள்.

இனி உங்களிடம் ஒரு கெஞ்சல். சில பயிற்சிப் பட்டறைகளில் சொல்லிக்கொடுக்கிறார்களாம், பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாய் நிற்கவைத்து, 'வீட்டில் கொம்பியூட்டர் உள்ளவர்கள் ஒரு அடி முன்னுக்கு வாங்கோ, அப்பா இல்லாதவர்கள் ஒரு அடி பின்னுக்குப் போங்கோ' என்று. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். போரில் அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளை, எல்லாரும் பார்க்க, முப்பது பேருக்கு முன்னால் பின்னுக்கு நடக்கவேண்டும் என்றால் அதற்குப் பெயர் பாடமா? கற்பனைப் பிள்ளைகளை வையுங்கள்.

நான் செய்தது பாம்பும் ஏணியும். பழைய பலகை ஒன்றில் நாலு காயையும் நாலு கற்பனைப் பிள்ளை ஆக்கினோம். ஒருத்தி யாழ்ப்பாணம் ரவுணில், அம்மா ரீச்சர், வீட்டுக்கு முன்னாலேயே ரியூட்டரி. ஒருவன் நெடுந்தீவில். ஒருத்தி கிளிநொச்சியில், தாத்தா மலையகத்திலிருந்து வந்தவர், அம்மா கூலி வேலை. ஒருவனுக்குக் கண் தெரியாது, கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்துவிட்டுச் சாதாரண பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறான். விதிகளைப் பிள்ளைகளே போட்டார்கள். ரவுண் பிள்ளை எல்லா ஏணியிலும் ஏறலாம். நெடுந்தீவுப் பெடியனுக்கு ஒன்று விழுந்தால் ஒரு முறை விளையாட ஏலாது, சோளகக் காற்றுக்குக் குறிகாட்டுவானில் லோஞ் நிற்கிறது, ரீச்சர் வரவில்லை. கிளிநொச்சிப் பிள்ளைக்கு நாலு விழுந்தால் தம்பியைப் பார்க்க வீட்டில் நிற்கவேண்டும் ("அது பெட்டை எண்டபடியால்தான், பெடியன் எண்டால் நிப்பாட்ட மாட்டினம்" என்று விளக்கம் வேறு). கண் தெரியாத பெடியனுக்கு ஏணியே இல்லை, ஏனென்றால் பிரெயில் புத்தகம் தவணை முடியத்தான் வரும்.

ஐந்து நிமிடத்தில் சண்டை. "இது அளாப்பல்!" என்று நெடுந்தீவுக்காரன் பலகையைத் தள்ளிவிட்டான். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன், உள்ளுக்குள் பயம்தான், பக்கத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த பெரியவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். பிறகு விதியை மாற்றச் சொன்னேன். பென்சில் சீவிய பெடியன்தான் முதலில் வாய் திறந்தான், பின்னுக்கு நிற்கிறவர்களுக்கு இரண்டு தரம் தாயக்கட்டை போட விடுவோம் என்று. ரவுண் பிள்ளையாய் விளையாடியவள், அதே கொப்பிக்காரி, துள்ளி எழும்பினாள்: "நான் என்ன பிழை செய்தனான்?"

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "நீ பிழை செய்யேல்லை. ஏணியை நீ வைக்கேல்லை. ஆனா ஏறினனீ தானே."

அவள் அதற்குப் பிறகு அம்மம்மாவின் கதையை என்னிடம் கேட்கவில்லை. அந்தப் பிரெண்ட் வீட்டில் தண்ணி குடித்தாளோ தெரியாது, நானும் விசாரிக்கவில்லை.

பாடத்துக்கு வெளியே உள்ளதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிள்ளைகள் கரும்பலகையைவிட உங்களைத்தான் கூடப் பார்க்கிறார்கள். காசு கட்டாத பிள்ளைகளின் பெயரை வகுப்பில் வாசிக்காதீர்கள். வசதிக் கட்டணமோ சுற்றுலாக் காசோ எதுவானாலும் துண்டில் எழுதி மடித்துக் கொடுத்துவிடலாம். என் மகனின் வகுப்பில் ஒரு காலத்தில் எழுப்பி நிற்கவைத்தார்கள், ஒரே மூன்று பிள்ளைகள்தான் ஒவ்வொரு தவணையும் நின்றார்கள், அந்த மூன்று பேரின் முகமும் மற்ற எல்லாருக்கும் பாடம். பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுவருகிற பழக்கத்தை நிற்பாட்டுங்கள், இல்லாவிட்டால் மாதம் ஒரு நாள் எல்லாருக்கும் பொதுவாய் ரொபி கொடுங்கள். பெண்பிள்ளைகளையே கூட்டச் சொல்வதும் பெடியன்களையே மேசை தூக்கச் சொல்வதும் உங்களுக்குத் தெரியாமலே நடக்கிறது, ஒரு கிழமை மாற்றிப் பாருங்கள். பரிசளிப்பு விழாவுக்கு யார் மாலை பிடிப்பது, யார் கதிரை அடுக்குவது என்று எழுதிய பட்டியலை ஒரு தரம் திரும்ப வாசியுங்கள், நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை. வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்களுக்கும் இதை யாராவது அனுப்பினால் நல்லது, மூன்றாவது நுழைவாயில் வளைவு கட்டுகிற காசில் சக்கரநாற்காலி ஏறுகிற மாதிரி ஒரு சாய்தளம் கட்டலாம்.

உங்களில் யாராவது இந்தப் பாம்பும் ஏணியும் விளையாட்டை வகுப்பில் செய்து பார்க்க விரும்பினால் பலகை எங்கள் சனசமூக நிலையத்து அலுமாரியில் இருக்கிறது, திங்கள், புதன், வெள்ளி பின்னேரம் நாலரைக்குப் பிறகு வந்தால் தரலாம். பிள்ளைகள் எழுதிய விதித் தாளும் உள்ளே இருக்கிறது, எழுத்துப்பிழையைத் திருத்தவேண்டாம் என்று சொல்லச் சொன்னார்கள். தாயக்கட்டை ஒன்று அந்தச் சண்டையில் எங்கேயோ உருண்டு போய்விட்டது, அதை மட்டும் நீங்கள் வாங்கவேண்டும்.

அன்புடன்,
சனசமூக நிலையத்து அன்ரி